வால் மூட்டை

தம்பி, ஒரு விடுகதை போடட்டுமா? கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது. வழக்கை விசாரிக்கிற ஐயா இன்னும் வரவில்லை. வந்தாலும் நம் பெயருக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நின்றால் எட்டிப் பார்க்கும். படுத்தால் ஒளிந்துகொள்ளும். இருமினால் துள்ளும். பாரம் தூக்கினால் இறங்கி வரும். அது என்ன?

எலி இல்லை. எல்லோரும் எலி என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் மேஸ்திரி பூனை என்றார். பூனை இருமலுக்குத் துள்ளுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

குடல், தம்பி. குடல் இறக்கம். அடிவயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில், இதோ இந்த இடத்தில், எலுமிச்சம்பழம் மாதிரி வரும். பிறகு மாங்காய் மாதிரி. என் மகள் தாரணி கட்டிய விடுகதை அது. விடுகதை கட்டுவதில் அவள் கெட்டிக்காரி. கேஸ் அடுப்புக்கு ஒன்று வைத்திருக்கிறாள், எங்கள் வீட்டுக் கதவுக்கு ஒன்று வைத்திருக்கிறாள். இதை நான் பஸ்ஸில் எல்லாம் சொல்வேன். இப்போது அவளிடம் சொல்லச் சொன்னால் சொல்வதில்லை. பெண் குழந்தைகள் வளர்ந்தால் அப்படித்தான்.

இப்போது என்னிடம் அந்த மாங்காய் இல்லை. அதுதான் பிரச்சினை.

உங்களுக்குக் கையா? மூன்று விரலா? மிஷினிலா போச்சு? அடடா. தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் பாடு தேவலை. கையை மேஜைமேல் வைத்தால் போதும். ஐயா பார்த்துக்கொள்வார். போன விரலை யாரும் தைத்து உள்ளே வைத்துவிட முடியாது. நானும் அப்படித்தான் காட்டலாம் என்று இருந்தேன். பரவாயில்லை. நீங்கள் சாய்ந்து உட்காருங்கள். இந்த பெஞ்சு ஆடும், அந்தப் பக்கம் வாருங்கள்.

என் பெயர் பொங்கியண்ணன். மஞ்சள் குடோனில் சுமை வேலை. லாரியில் வருகிற மூட்டையை இறக்கி உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போடுவது, விற்றதும் அட்டியைப் பிரித்து லாரியில் ஏற்றுவது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்த வேலைதான். முதலாளியின் அப்பா காலத்தில் சேர்ந்தேன். இப்போது மகன். நல்ல மனுஷர். அதைச் சொல்லிவிட வேண்டும். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. எனக்கும் அவர்மேல் இல்லை. எதன்மேலும் இல்லை. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் யார்மேலாவது ஒரு கோபம் வரும். இப்போது அதுவும் வருவதில்லை.

எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. லாரி வந்து நின்றதும் முதல் மூட்டை எடுப்பது ஒரு மரியாதை. தலைமூட்டை என்போம். லாரிச் சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஒருவன் அதை எடுப்பான். தலைமூட்டை எடுத்தவன்தான் வால் மூட்டை, அதாவது கடைசி மூட்டை, அதையும் எடுக்க வேண்டும். நடுவில் யார் எதை எடுத்தாலும் கேள்வி இல்லை. ஆனால் தலையும் வாலும் ஒரே முதுகு. மாறினால் அந்தச் சரக்கு குடோனில் தங்காது, பூச்சி விழும், விலை இறங்கும். முகம் சுளிக்காமல் எடுக்க வேண்டும். வால் மூட்டை எடுக்கிறபோது மற்றவர்கள் விசில் அடிப்பார்கள். எடுக்கிறவன் சிரித்துக்கொண்டே போவான். யார் வைத்த வழக்கம் என்று கேட்காதீர்கள். வைத்தவன் இப்போது இல்லை.

அன்றைக்குத் தலைமூட்டை என்னுடையது. மைசூர்ப் பக்கத்து லாரி. நல்ல விரலி மஞ்சள், மூட்டை கனம். பாதி லாரி இறக்கியிருப்போம். அட்டி என் தலைக்கு மேலே போய்விட்டதால் பலகை போட்டு ஏறிக்கொண்டிருந்தோம். மஞ்சள் தூள் படிந்த பலகை வழுக்கும். எனக்கும் தெரியும். என் இடதுகால் வழுக்கியது. நான் விழவில்லை. மூட்டையும் விழவில்லை. மூட்டை விழக்கூடாது என்று வயிற்றை எக்கிப் பிடித்தேன். அப்போதுதான் உள்ளே ஏதோ பிரிந்தது. சத்தம் கிடையாது. நனைந்த காகிதம் பிரிகிற மாதிரி. மூட்டையை அட்டியில் வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். வைக்கிற இடத்தில் சரியாக வைத்தேன்.

அட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினேன். கையை வைத்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழம்.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான். எங்கள் கேங்கில் வாயாடி அவன்தான்.

"என்றா பொங்கியண்ணா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் வெக்கப்பட்டுக் குந்தியிருக்கற?"

"குடல் எறங்கிருச்சுடா."

அவன் சிரித்தான். பிறகு என் கையை எடுத்துவிட்டுப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "அட கர்மமே. படு, படு. மேல தூக்கி அமுக்கு" என்றான். காலிச் சாக்குகளின்மேல் படுத்தேன். அமுக்கினேன். போய்விட்டது. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

அதன்பிறகு என் பங்கையும் அவர்களே தூக்கினார்கள். அது எங்கள் கேங்கில் உண்டு. ஒருவனுக்கு முடியவில்லை என்றால் மற்றவர்கள் அவனுடையதையும் எடுப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள், கூலியில் பிடிக்க மாட்டார்கள். நான் படுத்துக்கொண்டு மேலே தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புறா உட்கார்ந்திருந்தது.

பிறகு வெளியிலிருந்து குரல் வந்தது. மேஸ்திரி சென்னியப்பன்.

"பொங்கியண்ணா! வாலு நிக்குதுடா!"

எழுந்தேன்.

இதைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை, தம்பி. நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள். எழுந்திருக்காமல் என்ன செய்வது? தலைமூட்டை எடுத்தாயிற்று. சரக்கு முதலாளியுடையது. பூச்சி விழுந்தால்? வேட்டியை இறுக்கிக் கட்டினேன், துண்டை அதன்மேல் சுற்றினேன், போனேன். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி என் முதுகில் வைத்தார்கள். விசில் அடித்தார்கள். நான் சிரித்துக்கொண்டு வாசல் வழியாக உள்ளே போனேன்.

வாசலுக்கு மேலே கேமரா இருந்தது.

அட்டி இருக்கிற இடத்தில் கேமரா இல்லை. பலகைக்கு மேலே இல்லை. வாசலில் மட்டும்தான். திருடன் வந்தால் வாசல் வழியாகத்தானே வருவான்.

மறுநாள் முதலாளியிடம் சொல்லலாம் என்று போனேன். அவர் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார். தங்கச்சி மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் லட்டு. சந்தோஷமாக இருக்கிறவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? லட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு சொன்னபோது மாசம் மாறிவிட்டது. அவர் வீட்டுக்கே வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொங்கியண்ணா, இது உனக்குப் பொறப்புலயே இருந்திருக்கும்டா. எங்க சித்தப்பாவுக்கும் இருந்துது. அவுரு ஒரு மூட்டை தூக்கினவரா? பேங்குல குந்தி எழுதினவரு."

அவர் அப்படிச் சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது. என் மனைவி பூங்கொடி காபி கொடுத்தாள். அவர் போன பிறகு, "இனி மூட்டை தூக்க முடியாதுன்னா என்ன பண்றதுன்னு அந்தாளு ஒரு வார்த்தை சொன்னாரா?" என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். "நீங்களாச்சும் கேட்டீங்களா?" என்றாள். ஆப்பிள் வாங்கி வந்திருக்கிறாரே என்றேன். அந்த வாரமே நூல் மில்லுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சங்கத்துக்காரர் ஒருவரைப் பிடித்து, வக்கீலம்மாவைப் பிடித்து, இங்கே வழக்குப் போட்டதும் அவள்தான். நான் கையெழுத்துப் போட்டேன்.

வக்கீலம்மா பெயர் நஸ்ரின். சின்ன வயது. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். மரியாதையான பெண். "அண்ணா, வேலையினால வந்துச்சு, வேலை நேரத்துல வந்துச்சு, இந்த ரெண்டையும் நாம காட்டிட்டாப் போதும்" என்றார். கேட்கச் சுலபமாக இருந்தது.

முதல் விசாரணை அன்றைக்கு முதலாளியின் வக்கீல் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். படம் ஓடியது. நான் மூட்டையோடு வருகிறேன். பல் எல்லாம் தெரிகிறது.

"இது நீங்கதானே?"

"நானுங்க."

"குடல் எறங்கினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிங்க."

"குடல் எறங்கினவரு சிரிக்கிறீங்க?"

"வழக்கமுங்க."

"யாராவது தூக்கச் சொல்லி மிரட்டினாங்களா?"

"இல்லீங்க."

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாமுங்க."

"சொன்னீங்களா?"

"இல்லீங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் கேட்டார். கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. நஸ்ரினம்மா எழுந்து வழக்கத்தைப் பற்றிச் சொன்னார். தலை, வால், பூச்சி எல்லாம் சொன்னார். அவர் வாயில் கேட்கிறபோது எனக்கே அது குழந்தைகள் விளையாட்டு மாதிரி இருந்தது. ஐயா குறித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துச் சாட்சி சென்னியப்பன். அவர் வருவதாகச் சொன்னதே பெரிய விஷயம். முதலாளியிடம் நாளைக்கும் வேலை பார்க்க வேண்டுமே. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நெற்றியில் திருநீறு. என்ன கேட்டாலும் எழுந்து எழுந்து கும்பிட்டார். உட்காருங்கள் என்று ஐயாவே சொன்னார்.

"பொங்கியண்ணன் எப்படி வேலை செய்வார்?" என்று நஸ்ரினம்மா கேட்டார்.

"அவனாட்டம் தூக்கறதுக்கு ஆள் கெடையாதுங்க. எங்க கேங்குலயே அவந்தானுங்க சிங்கம். அன்னிக்கிக்கூடப் பாருங்க, குடல் எறங்கியும் வால் மூட்டைய எப்படித் தூக்குனாங்கறீங்க! பூ மாதிரி தூக்குனானுங்க!"

நஸ்ரினம்மா கண்ணை மூடிக்கொண்டார். முதலாளியின் வக்கீல் குறுக்கு விசாரணை எதுவும் இல்லை என்றார்.

எனக்கு என்னவோ பெருமையாகத்தான் இருந்தது. சபையில் ஒருவர் நம்மை அப்படிச் சொல்வது எப்போதாவதுதானே. வெளியே வந்து சென்னியப்பனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "எப்படி, நல்லாச் சொன்னனா?" என்றார். நல்லாச் சொன்னீங்க என்றேன்.

டீக்கடையில் நாச்சிமுத்து மட்டும் தலையில் அடித்துக்கொண்டான். சென்னியப்பன் போகட்டும் என்று காத்திருந்து சொன்னான்.

"படமும் அவிய பக்கம் போச்சு. சாட்சியும் அவிய பக்கம் போச்சு. இனி உன்றகிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அதை விட்டுராத."

"எதை?"

"அடிவயித்துல வெச்சிருக்கறயே, அதைத்தான். என்ற சகலைக்கு இப்படித்தான் ஆச்சு. அவன் அவசரப்பட்டு ஆபரேசன் பண்ணிக்கிட்டான். அப்பறம் கம்பெனிக்காரன் கேட்டான், எங்கப்பா, காட்டுன்னு. என்னத்தைக் காட்டுவான்? தழும்பைக் காட்டினான். இது எதுக்குப் போட்ட தையலோன்னு சொல்லிட்டாங்க. காட்டற பொருள் கையில இருக்கோணும், பொங்கியண்ணா. திருட்டு நகையைக்கூட மேஜைமேல வெச்சாத்தான் கேசு."

யோசித்துப் பார்த்தால் சரிதானே? நீங்களே சொல்லுங்கள். கையில் விரல் இல்லை என்பதைக் காட்டத்தானே நீங்களும் வந்திருக்கிறீர்கள்.

அப்படித்தான் அதை வைத்துக்கொண்டேன். அந்த மழைக்காலம் போயிற்று, வெயில் போயிற்று. தேதி தள்ளிப் போகும். ஒருமுறை அந்த வக்கீலுக்குக் காய்ச்சல். ஒருமுறை எனக்கே பஸ் தவறிப்போனது. தள்ளத் தள்ள நான் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். கச்சை மாதிரி ஒரு பெல்ட் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். போடவில்லை. போட்டால் உள்ளேயே இருந்து பழகிவிடும் என்று பயம். வாய்தாவுக்கு முதல் நாள் தண்ணீர்க் குடம் இரண்டைச் சேர்த்துத் தூக்குவேன். நன்றாகத் தெரிய வேண்டும் அல்லவா?

ஆபரேஷனுக்கு ஒரு தேதி கொடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரியில். தாரணிதான் கூட வந்தாள். டாக்டர் சொல்வதை எல்லாம் அவள் கேட்டு வைத்துக்கொள்வாள், எனக்கு மறந்துபோகும் என்று. தேதியன்றைக்கு நான் போகவில்லை. டாக்டர் லீவு என்று பூங்கொடியிடம் சொன்னேன். தாரணி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். திரும்பக் குனிந்து எழுதினாள். காட்டிக்கொடுக்காத பிள்ளை.

நஸ்ரினம்மாவும் ஒருநாள் கேட்டார். "அண்ணா, இன்னுமா ஆபரேஷன் பண்ணிக்கலை? யாரு உங்களை வெச்சிருக்கச் சொன்னது? ஆஸ்பத்திரி காகிதமே நமக்குப் போதும். டாக்டர் என்ன பார்த்தார், எங்கே தைச்சார்னு எல்லாம் அதுல இருக்கும்." நான் தலையாட்டினேன். நல்ல பெண்தான். ஆனால் கல்யாணம்கூட ஆகவில்லை. ஆம்பிளைகள் உடம்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நாச்சிமுத்து நேரில் பார்த்தவன். அவன் சகலைக்கு நடந்தது.

நான் சும்மா வைத்திருக்கவில்லை, தம்பி. அதையும் சொல்லிவிட வேண்டும். தாரணிக்காகத்தான் வைத்திருந்தேன். எங்கள் தெருப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். அதற்குமேல் டவுனுக்குப் போக வேண்டும், விடுதியில் சேர்க்க வேண்டும். டவுன் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூடம் இருக்கிறதாம், கண்ணாடிக் குழாய் எல்லாம் இருக்கிறதாம். ஒருமுறை போட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாப்பிடும்போதெல்லாம் கண்ணாடிக் குழாய்தான். நஷ்டஈடு வந்தால் அவளை அங்கே சேர்ப்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதைத் தட்டிக் காட்டுவேன்.

"கண்ணு, இது என்னன்னு தெரியுமா? உன்ற காலேசு. அப்பன் இதைத் தூக்கிக்கிட்டுத் திரியறன் பாத்துக்க."

ஆரம்பத்தில் சிரிப்பாள். அப்போதுதான் அந்த விடுகதையைக் கட்டினாள். பிறகு பிறகு சிரிப்பதில்லை. நான் குடத்தைத் தூக்கினால் ஓடிவந்து பிடுங்குவாள். "விடுப்பா, நான் எடுக்கறேன்." அவள் எடுத்தால் எனக்கு எப்படி இறங்கும்? அதைச் சொன்னால் அவளுக்குப் புரியாது. முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டு குடத்தையும் அவளே கொண்டுவந்து வைப்பாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. தண்ணீர் சிந்தியபடி வருவாள். அவள் பள்ளிக்கூடம் போன பிறகு நான் தூக்குவேன்.

கடைசியில் ஒரு தேதி வந்தது. திங்கட்கிழமை காலையில் டாக்டர்கள் குழுவிடம் காட்ட வேண்டும். எவ்வளவு முடியாமல் போயிருக்கிறது, மூட்டை தூக்க முடியுமா முடியாதா என்று அவர்கள் பார்த்து எழுதித் தருவார்கள். அந்தக் காகிதம் இங்கே வரும். இதற்குத்தானே இத்தனை நாளும் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள், கோபிப் பக்கம். காதுகுத்து. அத்தை முறைக்கு அங்கே வேலை அதிகம். என்னையும் கூப்பிட்டாள். நாளைக்கு டாக்டரிடம் காட்ட வேண்டுமே, ஓய்வெடுக்கிறேன் என்றேன். தாரணிக்குப் பரீட்சை. அவளும் நானும் வீட்டில். மத்தியானம் அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, பின்பக்கத்துத் தண்ணீர் டிரம்மைச் சாய்த்துத் தூக்கி நகர்த்தி வைத்தேன். கடைசித் தடவைதானே என்று கொஞ்சம் நன்றாகவே தூக்கினேன்.

வந்தது. இதுவரை வராத அளவுக்கு வந்தது. எனக்குச் சந்தோஷம்தான்.

படுத்தேன். உள்ளே போகவில்லை. சரி, நாளைக் காலை வரைக்கும் வெளியே இருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வலி பிடித்தது. காலைத் தூக்கிச் சுவரில் வைத்தேன். அமுக்கினேன். கல் மாதிரி இருந்தது. வாந்தி எடுத்தேன். மறுபடி எடுத்தேன். பச்சையாக வந்தது. தாரணி அரிசிப் பையோடு உள்ளே வந்தாள். பையை அப்படியே கீழே வைத்தாள்.

இந்த இடத்தில் ஐயாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. காட்டுவதற்கு என்னிடம் இப்போது ஒரு தையல் கோடுதான் இருக்கிறது. அழகாகத் தைத்திருக்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆபரேஷன் பண்ணின டாக்டர் மறுநாள் வந்து திட்டினார். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா குடல் செத்துப்போயிருக்கும்யா, அறுத்து எடுத்திருக்கணும். நீயும் போயிருப்ப" என்றார். அறுத்து எடுத்திருந்தால் அதையாவது காட்டலாமே என்று கேட்டேன். அவர் நர்சைப் பார்த்தார். நர்சு என்னைப் பார்த்தது. பூங்கொடி ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. தாரணியை மட்டும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர்கள் குழு தேதி போய்விட்டது. நஸ்ரினம்மா, "கவலைப்படாதீங்கண்ணா, காகிதம் எல்லாம் வாங்கிட்டேன், இப்பத்தான் கேசே பலமாயிருக்கு" என்கிறார். வாயைத் திறந்தால் காகிதம். உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், அந்தக் கறுப்புக் கோட்டுதான்.

தாரணி இன்றைக்கு வரவில்லை. பள்ளிக்கூடம். நான்தான் போகச் சொன்னேன். அவள்மேல் கோபமா என்று பூங்கொடியின் அண்ணன் கேட்டார். கோபம் எல்லாம் இல்லை. நான் அவளைத் திட்டவே இல்லை. ஏனென்றால் நான் அவளிடம் கேட்டுத்தான் நடந்தது. அதில் நான் நியாயமாகத்தான் இருந்தேன். மற்ற அப்பன்கள் கேட்கமாட்டார்கள்.

அன்றைக்கு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை நனைத்து வாயைத் துடைத்துவிட்டாள். "ஆஸ்பத்திரி போலாம்ப்பா" என்றாள். நான் அவளை நிதானமாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வலியில் பேச முடியவில்லை. இருந்தாலும் விட்டு விட்டுச் சொன்னேன். சின்னப் பிள்ளை என்று எதையும் மறைக்கவில்லை.

"கண்ணு, இப்ப ஆஸ்பத்திரி போனா இதைத் தெச்சு உள்ள வெச்சுருவாங்க. இது போச்சுன்னா கேசு போச்சு. கேசு போச்சுன்னா டவுன் பள்ளிக்கூடம் போச்சு, உன்ற கண்ணாடிக் கொழாய் போச்சு. காத்தால வரைக்கும் நான் தாங்கிக்குவேன். மூட்டை தூக்கின ஒடம்பு. நீ கூட இருந்தாப் போதும்."

"தாங்கலைன்னா?" என்றாள்.

"அதை நீ எதுக்கு நெனைக்கற? நீ உன்ற படிப்பை நெனை. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு. அவசரமில்லை, நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ சொல்றதுதான். அப்பன் மறுபேச்சுப் பேச மாட்டேன்."

நல்லா யோசிச்சுச் சொல் என்றுதான் சொன்னேன். அவள் யோசிக்கவில்லை. என் தலைமாட்டில் இருந்த போனை எடுத்தாள். நூற்றெட்டுக்குப் போட்டாள். எங்கள் தெருப் பெயரைச் சொன்னாள், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு என்றாள். போனை என் பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டு, வண்டிக்கு வழி காட்ட வாசலில் போய் நின்றாள்.